வாயேஜருக்குக் கிடைக்கிற அப்டேட் என் தொலைநோக்கிக்கு ஏன் கிடையாது?

எனக்கு ஸ்மார்ட் தொலைநோக்கி விற்ற நிறுவனத்தின் நிர்வாகத்துக்கும், அதே வழியில் போய்க்கொண்டிருக்கும் மற்ற சாதன நிறுவனங்களுக்கும்,

உங்கள் மின்னஞ்சல் வந்தது. முதல் தலைமுறைத் தொலைநோக்கிக்கான செயலிக்கு இனி அப்டேட் வராது, கணக்கைச் சரிபார்க்கும் சர்வர் இந்த ஆண்டு முடிவில் நிறுத்தப்படும், அதன்பிறகு சில வசதிகள் கிடைக்காமல் போகலாம் என்று எழுதியிருந்தீர்கள். அதற்குக் கீழேயே புதிய மாடலுக்குத் தள்ளுபடிக் கூப்பன். அந்தச் சில வசதிகள் என்னென்ன என்று நீங்கள் விளக்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். தொலைநோக்கியைத் திருப்புவது, குவியம் சரிசெய்வது, படம் எடுப்பது, எடுத்த படத்தை வெளியே கொண்டுவருவது. அதாவது எல்லாமே. இந்தக் கருவியில் கண் வைத்துப் பார்க்க ஐபீஸ் கிடையாது, கையால் திருப்பக் குமிழ் கிடையாது, ஆன் செய்ய ஒரே ஒரு பட்டன்தான் இருக்கிறது, மற்றதெல்லாம் செயலி வழியாக. செயலி திறக்க லாகின் வேண்டும், லாகினுக்கு உங்கள் சர்வர் வேண்டும். சர்வர் போய்விட்டால் என் கையில் மிஞ்சுவது முக்காலியில் நிற்கும் ஒரு குழாய்.

உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை, எழுதவும் போவதில்லை. உங்களை மட்டும் நிறுத்திவைத்துக் கேட்டால், கதவுப் பூட்டும் வீட்டுக் கேமராவும் ஸ்பீக்கரும் எடை பார்க்கும் கருவியும் விற்றுவிட்டு இதே வேலையைச் செய்கிற மற்றவர்கள் தப்பித்துவிடுவார்கள். இது அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் கருவியின் நிலைமை. உள்ளே இருக்கும் கண்ணாடி வில்லைக்கு எதுவும் ஆகவில்லை, இன்னும் பல ஆண்டுக்கு எதுவும் ஆகாது. மோட்டார் சத்தமில்லாமல் திரும்புகிறது. சென்சாரில் சில புள்ளிகள் எப்போதும் எரிந்துகொண்டிருக்கின்றன, மூடியைப் போட்டு ஒரு இருட்டுப் படம் எடுத்துக் கழித்துவிட்டால் அதுவும் தெரியாது. பேட்டரி மட்டும் முன்புபோல நிற்பதில்லை, பவர் பேங்க் சொருகிக்கொள்கிறேன். ஒரே இடத்தைப் பத்துப் பத்து விநாடியாகப் படமெடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வெறும் கண்ணுக்குச் சாம்பல் பூச்சாகக்கூடத் தெரியாத ஒரு வாயுமேகத்தைச் சிவப்பும் நீலமுமாகத் திரையில் கொண்டுவருகிறதே, அந்த வேலையை வாங்கிய அன்று செய்த மாதிரியே இன்றும் செய்கிறது. ஆந்திரோமெடா கேலக்ஸியின் ஒளி ஏறத்தாழ 25 லட்சம் ஆண்டு பயணம் செய்து இந்த வில்லைக்கு வந்து சேர்கிறது. வந்த இடத்தில் பாஸ்வேர்டு கேட்கிறீர்கள்.

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, இது எனக்கு நடந்திருக்கிறது. வானம் நன்றாகத் தெரிய வேண்டுமென்றால் ஊர் வெளிச்சம் இல்லாத இடத்துக்குப் போக வேண்டும், அப்படிப்பட்ட இடங்களில் பெரும்பாலும் போன் சிக்னலும் இருக்காது, இது வானம் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும், தொலைநோக்கி செய்கிற உங்களுக்குத் தெரியாமல் இருக்க நியாயமில்லை. அப்படி ஒரு இடத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவைத்துச் செயலியைத் திறந்தால், முந்தின நாள் தானாகவே அப்டேட் ஆகி என்னை லாக் அவுட் செய்திருந்தது. தொலைநோக்கி தன் சொந்த வைஃபையைப் பரப்பிக்கொண்டு இரண்டடி தூரத்தில் நிற்கிறது, போன் அதனோடு இணைந்துவிட்டது, ஆனால் நான் யார் என்று உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் கணினி சொன்னால்தான் அது அசையும். கூட வந்திருந்த நண்பரிடம் பழைய டாப்சோனியன் ஒன்று இருந்தது. மரப்பெட்டியில் உட்கார்ந்திருக்கும் குழாய், கையால் தள்ளினால் திரும்பும். அன்று ராத்திரி எல்லோரும் வரிசையில் நின்று அதில்தான் பார்த்தோம். திரும்பி வந்து உங்கள் உதவிப் பிரிவுக்கு எழுதினேன், கருவியை அணைத்துவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள் என்று பதில் வந்தது. சர்வர் உயிரோடு இருந்தபோதே இந்த நிலைமை.

சரி, இதெல்லாம் தொழில்நுட்பத்தின் இயல்பு, பழையது கழியத்தான் செய்யும் என்று சொல்வீர்கள். உங்கள் விளம்பரங்கள் முழுக்க விண்வெளிதான், பெட்டிமேல் நெபுலா படம், வாங்குகிற எங்களை ஆய்வாளர்கள் என்றுதான் அழைக்கிறீர்கள். அதனால் விண்வெளியில் பழைய கருவிகளை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்பதிலிருந்தே பேசுவோம்.

2023 நவம்பரில் வாயேஜர் 1 அர்த்தமில்லாத தரவை அனுப்ப ஆரம்பித்தது. 1977 செப்டம்பர் 5ஆம் தேதி கிளம்பிய நாசா விண்கலம். தகவலைத் திரட்டிப் பூமிக்கு அனுப்பத் தயார்செய்யும் கணினியில் ஒரே ஒரு மெமரி சிப் கெட்டுப்போயிருந்தது, அந்தக் கணினியின் மெமரியில் அது ஏறக்குறைய 3 சதவீதம். கலம் இருந்த தூரம் 2,400 கோடி கிலோமீட்டருக்கு மேல், ஒரு கட்டளை போய்ச் சேர 22.5 மணி நேரம், என்ன ஆயிற்று என்று தெரிய இன்னொரு 22.5 மணி நேரம். சிப்பை மாற்ற முடியாது. கெட்ட இடத்தில் இருந்த நிரலை வேறு இடத்துக்கு மாற்றலாம் என்றால் முழுவதையும் வைக்கிற அளவுக்குக் காலியிடம் எங்கேயும் இல்லை. அதனால் நிரலைத் துண்டு துண்டாக வெட்டி, கிடைத்த இடுக்குகளில் எல்லாம் செருகி, ஒரு துண்டு இன்னொரு துண்டைத் தேடிப் போகிற முகவரிகளை எல்லாம் திருத்தி அனுப்பினார்கள். 2024 ஏப்ரல் 18 அன்று அனுப்பியதற்கு 20ஆம் தேதி சரியான பதில் வந்தது. ஜூனுக்குள் அதில் வேலை செய்துகொண்டிருந்த நான்கு அறிவியல் கருவிகளும் மறுபடி தரவு அனுப்பின.

அதை வடிவமைத்தவர்களில் பலர் இப்போது இல்லை. பல பத்தாண்டு பழைய காகிதங்களைத் தேடியெடுத்துப் படித்துத்தான் இதைச் செய்தார்கள். அந்தக் காகிதங்கள் இருந்தன என்பதை மட்டும் கவனியுங்கள், இந்த மடலின் கடைசியில் அது வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாயேஜர் 2 அதிகாரப்பூர்வமாகக் கிளம்பியது வியாழனுக்கும் சனிக்கும் மட்டும்தான். சனியைத் தாண்டியபிறகு, கிளம்பும்போது இல்லாத படச்சுருக்க முறையை வழியிலேயே ஏற்றினார்கள், அதனால்தான் 1986இல் யுரேனஸிலிருந்தும் 1989இல் நெப்டியூனிலிருந்தும் அத்தனை படங்கள் வந்து சேர்ந்தன. விற்றபிறகு வருகிற அப்டேட் ஒரு கருவியை முன்பைவிட நன்றாக ஆக்க முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல உதாரணம் இது. எங்கள் வீட்டுச் சாதனங்களில் அப்டேட் என்ற சொல்லைப் பார்த்தாலே என்ன பறிபோகப் போகிறதோ என்று வயிற்றைக் கலக்குகிறது.

அது அரசாங்கப் பணம், பெரிய குழு, ஒரே ஒரு கலம், நாங்கள் லட்சக்கணக்கில் மலிவாகச் செய்து விற்கிறவர்கள், இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதனால் உங்கள் பக்கத்திலிருந்தே ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம்.

செவ்வாயில் பறந்த இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டரின் முக்கிய மூளை ஸ்னாப்டிராகன் 801. விண்வெளிக்கென்று தனியாகச் செய்த சிப் இல்லை, 2014வாக்கில் கடைகளில் விற்ற கைபேசிகளில் இருந்த அதே சிப், மேலே ஓடியது லினக்ஸ் என்ற இயங்குதளம். 30 நாளில் ஐந்து முறை பறந்து காட்டினால் போதும் என்று அனுப்பியது, 2021 ஏப்ரல் 19இல் தொடங்கி 2024 ஜனவரி வரை 72 முறை பறந்தது. நடுவில் சாய்வை அளக்கும் சென்சார் ஒன்று செத்துப்போனது, அதன் வேலையை இன்னொரு சென்சார் பார்க்கும்படி மென்பொருளைத் திருத்தி அனுப்பினார்கள். கடைசியில் தரையிறங்கும்போது இறக்கை உடைந்துதான் நின்றது. அந்த ஹெலிகாப்டர் முதன்முதலில் எழும்புவதற்குப் பல ஆண்டு முன்பே, அதே சிப் இருந்த பெரும்பாலான கைபேசிகளுக்கு அதிகாரப்பூர்வ அப்டேட் நின்றுவிட்டிருந்தது. பழைய சிப், இனி இழுக்காது, சிப் தயாரிப்பாளர் அதை இயக்கும் டிரைவர் மென்பொருளைத் தரமாட்டேன் என்கிறார் என்று காரணம் சொல்லப்பட்டது.

இந்தக் காரணத்தை நானும் ரொம்ப நாள் நம்பியிருந்திருப்பேன், ஃபேர்ஃபோன் என்ற சின்ன நிறுவனம் மட்டும் இல்லாவிட்டால். அவர்களுடைய ஃபேர்ஃபோன் 2 என்ற கைபேசி 2015 கடைசியில் வந்தது, உள்ளே அதே ஸ்னாப்டிராகன் 801. 2023 மார்ச் வரை அதற்கு அப்டேட் கொடுத்தார்கள். உங்களில் பலரோடு ஒப்பிட்டால் அவர்களுக்கு ஆள்பலமும் கிடையாது பணபலமும் கிடையாது. ஆக ஒரே சிப், ஒரு இடத்தில் மூன்று ஆண்டில் கிழடாகிவிடுகிறது, இன்னொரு இடத்தில் ஏழு ஆண்டு ஓடுகிறது, மூன்றாவது இடத்தில் செவ்வாய்க் குளிரில் பறக்கிறது. சிப்புக்கு வயதானதால் நடந்த விஷயம் இல்லை இது. யாரோ ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து முடிவெடுத்தது.

நான் பழசைக் கட்டிக்கொண்டு அழுகிற ஆள் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். புதிய சென்சார்கள் உண்மையிலேயே அற்புதமாக இருக்கின்றன, இன்று எல்லாக் கைபேசியிலும் இருக்கும் கேமராச் சென்சாரின் வளர்ச்சியில் பெரிய பங்கு 1990களில் நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் எரிக் ஃபோசம் குழு செய்த வேலைக்கு உண்டு, விண்கலத்துக்காகச் சின்னதாக, குறைந்த மின்சாரத்தில் ஓடுகிற கேமரா வேண்டும் என்று தேடியது நம் பாக்கெட்டுக்கு வந்துவிட்டது. உங்கள் புதிய மாடலின் படங்களையும் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கின்றன. எனக்கு ஆசை வந்தால் வாங்குவேன். பழையதைக் கொன்று வாங்கவைப்பது வேறு விஷயம். கைபேசிகளில் இப்போது ஒரு ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க விளக்கக் கட்டுரை படிக்க வேண்டியிருக்கிறது, பொருள் தானாக ஆளை இழுக்காத காலத்தில்தான் இந்த மாதிரிக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிற வேலை தேவைப்படுகிறது என்பது என் அபிப்பிராயம், தவறு என்றால் சொல்லுங்கள்.

பேட்டரி விஷயம் தனியாக. பேட்டரி சீக்கிரம் தீர்கிறது என்பதால் நானே மாற்றலாம் என்று திறக்கப் பார்த்தேன், உடலை ஒட்டுப்பசையால் மூடியிருக்கிறீர்கள், சூடுகாட்டி நெம்பினால் வில்லை கோணலாகிவிடும் என்று பயந்து விட்டுவிட்டேன். ஹப்பிள் தொலைநோக்கியை 1990இல் ஏவும்போதே, மனிதர்கள் போய்ப் பழுதுபார்ப்பார்கள் என்று நினைத்துக் கைப்பிடிக் கம்பிகளோடு செய்திருந்தார்கள். 1993லிருந்து 2009 வரை ஐந்து முறை போனார்கள். கடைசி முறை, விண்வெளியில் திறக்கவே கூடாது என்று செய்திருந்த ஒரு கருவியைத் திறந்தார்கள், நூற்றுக்கு மேற்பட்ட பொடித் திருகுகள், பெரிய கையுறை போட்ட கையால், கழன்ற திருகு மிதந்து போய்விடாமல் பிடித்துக்கொள்ளத் தனியாக ஒரு தகடு செய்து எடுத்துப்போய். 2024 ஜூனிலிருந்து அந்தத் தொலைநோக்கி திசையைப் பிடித்துவைக்க உதவும் ஜைரோ ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறது, பார்க்கிறது என்பதுதான் முக்கியம். நான் கேட்பது பூமியில், மேசைமேல், நான்கு திருகு.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

ஐசீ-3 என்று ஒரு விண்கலம், 1978 ஆகஸ்டில் ஏவியது. சூரியக் காற்றை ஆராயப் போனது, அப்புறம் வழிமாற்றி 1985இல் ஒரு வால்நட்சத்திரத்தின் வாலுக்குள் புகுந்து வந்தது, வால்நட்சத்திரத்தின் அருகே போன முதல் கலம் அதுதான். 1997இல் நாசா அதன் பணியை முடித்துக்கொண்டது. அதனோடு பேசும் பழைய டிரான்ஸ்மிட்டர்களையும் பிற்பாடு கழற்றிவிட்டார்கள், அதாவது இன்றைய உங்கள் மொழியில் சர்வரை அணைத்துவிட்டார்கள். 2014இல் அது பூமிக்குப் பக்கத்தில் வரப்போகிறது என்றபோது, ஆர்வலர்கள் சிலர் பொதுமக்களிடம் பணம் திரட்டி, நாங்கள் அதனோடு பேசிப் பார்க்கிறோம் என்று கேட்டார்கள். நாசா என்ன செய்தது? முடியாது, அறிவுசார் சொத்து, பாதுகாப்புக் காரணங்கள் என்று கதவைச் சாத்தவில்லை. ஒப்பந்தம் போட்டு, கட்டளை அனுப்ப அனுமதி கொடுத்தது. ஓய்வுபெற்ற பொறியாளர்கள் தங்களிடம் இருந்த பழைய ஆவணங்களைத் தேடிக் கொடுத்தார்கள். இல்லாமல்போன டிரான்ஸ்மிட்டருக்குப் பதிலாக கணினி நிரலால் இயங்கும் மென்பொருள் வானொலி ஒன்றைத் தயார்செய்து, புவேர்ட்டோ ரிகோவில் இருந்த அரெசிபோ ஆய்வகத்தின் பெரிய ஆண்டெனா வழியாகக் கூப்பிட்டார்கள், ஏறக்குறைய 36 வயதான கலம் பதில் சொன்னது. ஜூலையில் அதன் உந்திகளைக்கூட ஒருமுறை எரியவைத்தார்கள். பாதையை மாற்றுவதற்குப் பெரிய எரிப்பு தேவைப்பட்டபோது முடியவில்லை, எரிபொருளைத் தள்ளுகிற நைட்ரஜன் வாயு தீர்ந்துபோயிருந்தது.

தோற்ற கதையை எதற்குச் சொல்கிறேன் என்றால், அது தோற்ற விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. வாயு தீர்ந்தது, நின்றது. யாரும் தடுக்கவில்லை. என் தொலைநோக்கியும் மோட்டார் தேய்ந்தோ சென்சார் செத்தோ நிற்கட்டும், நான் வாய் திறக்கமாட்டேன்.

1974 நவம்பரில் ஏவிய ஆஸ்கர் 7 என்ற அமெச்சூர் வானொலிச் செயற்கைக்கோள் இன்னும் விநோதம். 1981இல் பேட்டரி கெட்டு மௌனமாகிவிட்டது, கதை முடிந்தது என்று விட்டுவிட்டார்கள். 2002இல் திடீரென்று அதன் குரல் கேட்டது. பேட்டரியில் இருந்த ஷார்ட் சர்க்யூட் எப்படியோ அறுந்துபோய், வெயில் படும்போதெல்லாம் சோலார் தகட்டிலிருந்து நேரடியாக ஓட ஆரம்பித்திருந்தது. 20 ஆண்டுக்கு மேல் செத்துக்கிடந்த பொருள் எழுந்ததும் உலகம் முழுக்க இருந்த அமெச்சூர்கள் அதை உடனே பயன்படுத்த முடிந்தது, ஏனென்றால் எந்த அலைவரிசையில் பேச வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. உங்கள் கருவி 20 ஆண்டு கழித்து எழுந்தால் யாரைத் தேடும் என்று யோசித்துப் பாருங்கள்.

கடையில் விற்ற பொருளிலேயே உதாரணம் உண்டு. பெபிள் கைக்கடிகாரம் செய்த நிறுவனம் 2016 கடைசியில் மூடியது, சொத்துகளை ஃபிட்பிட் வாங்கிக்கொண்டது. அவர்களுடைய சர்வர்களை 2018 ஜூனில் நிறுத்தினார்கள், ஆனால் நிறுத்துவதற்கு முன்பு, சர்வர் இல்லாமலும் கடிகாரம் அடிப்படை வேலைகளைச் செய்யும்படி செயலிக்குக் கடைசியாக ஒரு அப்டேட் கொடுத்தார்கள். ரெபிள் என்று ஒரு குழு மாற்றுச் சர்வர் அமைத்தது. 2025 ஜனவரியில் கூகுள், ஃபிட்பிட் வழியாகத் தன் கைக்கு வந்து சேர்ந்திருந்த பெபிள் இயங்குதளத்தின் மூல நிரலைப் பொதுவில் வெளியிட்டது. அதனால் யாருடைய லாபமும் குறைந்துபோனதாகத் தெரியவில்லை. அந்தக் கடிகாரங்கள் இன்றும் பலர் கையில் ஓடுகின்றன.

பாதுகாப்பு என்ற காரணத்தை நீங்கள் கட்டாயம் எடுப்பீர்கள், எடுக்கத்தான் வேண்டும். கவனிப்பாரில்லாத பழைய சாதனம் இணையத்தில் தொங்கிக்கொண்டிருந்தால் அது திருடர்களுக்குத் திறந்த வாசல்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் கேட்பது என் தொலைநோக்கியை இணையத்திலிருந்து வெட்டிவிடச் சொல்லித்தான். அதற்கு இணையம் எதற்கு? தன் வைஃபையில் என் போனோடு பேசினால் போதும். நட்சத்திரங்கள் எங்கே இருக்கின்றன என்ற பட்டியல் ஏற்கெனவே அதன் மெமரியில் இருக்கிறது, அவை இடம் மாறி ஓடிவிடப் போவதில்லை. வால்நட்சத்திரங்களின் பாதை விவரம் மட்டும் அவ்வப்போது வேண்டும், அதைச் சிறுகோள், வால்நட்சத்திரப் பாதைகளைத் தொகுக்கும் மைனர் பிளானட் சென்டர் யாருக்கும் இலவசமாகவே கொடுக்கிறது, ஒரு கோப்பாக இறக்கி ஏற்றிக்கொள்ள வழி வைத்தால் முடிந்தது. உங்கள் சர்வர் என் தொலைநோக்கிக்காகச் செய்கிற ஒரே வேலை, வேலை செய்யலாம் என்று அனுமதி கொடுப்பது. வீட்டை விற்றுவிட்டு வாசல் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போகிறவர், இப்போது எனக்கு வயதாகிவிட்டது, இனி வந்து திறந்துவிட முடியாது என்கிறார். சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றுதான் சொல்கிறோம்.

செவ்வாயில் ஊர் கட்டுகிற பேச்சு இப்போது நிறையக் கேட்கிறது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை, இயந்திரங்கள் அங்கே நன்றாகத்தானே வேலை செய்கின்றன, மனிதர்கள் போய் என்ன அவசரம் என்று நினைக்கிற கட்சி நான். ஆனாலும் ஒரு வேளை போனால், தயவுசெய்து நீங்கள் யாரும் அங்கே கதவு செய்து கொடுக்க வேண்டாம். பூமியிலிருந்து சிக்னல் போக 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம்வரை ஆகும், காற்று கசியும்போது லாகின் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும்.

சட்டம் மெதுவாக இந்தப் பக்கம் நகர்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் கைபேசி, டேப்லெட் மாடல்களுக்கு, விற்பனை முடிந்தபிறகும் குறைந்தது 5 ஆண்டு இயங்குதள அப்டேட், 7 ஆண்டு உதிரிப் பாகங்கள் என்று விதி வந்துவிட்டது. 2027 பிப்ரவரியிலிருந்து சாதனங்களின் பேட்டரியைப் பயனாளரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்பதும் வருகிறது. கைபேசிக்காரர்களில் சிலர் சட்டத்துக்கு முன்பே 7 ஆண்டு அப்டேட் என்று அறிவித்துவிட்டார்கள். தொலைநோக்கி, எடைக் கருவி, பூட்டு, ஸ்பீக்கர் இவற்றின் சர்வரை எப்போது அணைக்கலாம் என்பதற்கு அப்படித் தெளிவான விதி இன்னும் இல்லை, அந்த இடைவெளியில்தான் நீங்கள் நின்றுகொண்டிருக்கிறீர்கள். 2022இல் மட்டும் உலகம் எறிந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்று ஐக்கிய நாடுகள் அறிக்கை சொல்கிறது, அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது கால்வாசிகூட இல்லை. அந்தக் குவியலில் எத்தனை பொருள் உண்மையாகவே கெட்டுப்போனது, எத்தனை லாகின் ஆகாமல் செத்தது என்று யாராவது பிரித்துப் பார்த்தால் நன்றாக இருக்கும்.

இனி என் கோரிக்கைகள்.

சர்வரை அணைப்பதற்கு முன்பு செயலிக்கும் கருவிக்கும் கடைசியாக ஒரு அப்டேட் கொடுங்கள். அதில் லாகின் என்ற படியையே எடுத்துவிடுங்கள், தொலைநோக்கி தன் சொந்த வைஃபையில் மட்டும் முழுதாக இயங்க வேண்டும், திருப்புவது, குவியம், படம், அடுக்குதல், கோப்பை வெளியே எடுப்பது எல்லாம். இதைச் செய்ய உங்கள் பொறியாளர்களுக்குப் பெரிய வேலை இருக்காது, சோதனைக்கூடத்தில் அவர்களே லாகின் இல்லாமல்தான் ஓட்டிப் பார்த்திருப்பார்கள் என்று பந்தயம் கட்டுவேன். அந்தக் கடைசிச் செயலியை எந்தக் கடையையும் நம்பாமல் இறக்கிக்கொள்ளும்படி கோப்பாகவே வையுங்கள்.

செயலியும் கருவியும் பேசிக்கொள்ளும் கட்டளைகளின் ஆவணத்தை வெளியிடுங்கள். வாயேஜரைக் காப்பாற்றியது பழைய காகிதம் என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்தக் காகிதத்தைத்தான் கேட்கிறேன். மூல நிரலைக் கொடுக்க முடியாது, மற்றவர்களின் உரிமை அதில் கலந்திருக்கிறது என்றால் புரிந்துகொள்கிறேன், கட்டளைப் பட்டியல் மட்டும் போதும், மாற்றுச் செயலி எழுத வானியல் ஆர்வலர்களில் ஆள் இருக்கிறார்கள், இலவசமாகவே எழுதுவார்கள். கருவி உங்கள் டிஜிட்டல் கையெழுத்திட்ட ஃபர்ம்வேரை, அதாவது உள்ளே ஓடும் மென்பொருளை, மட்டும்தான் ஏற்கும் என்றால், ஆதரவு முடிகிற நாளில் அந்தப் பூட்டையும் திறந்துவிடுங்கள்.

பேட்டரியைப் பாதுகாப்பாக மாற்றும் முறையையும் அதன் அளவு விவரத்தையும் வெளியிடுங்கள், அடுத்த மாடலில் பசைக்குப் பதிலாகத் திருகு வையுங்கள். இனி விற்கும் ஒவ்வொரு பெட்டியின் வெளிப்பக்கத்திலும், உள்ளே மடித்துவைத்த தாளில் இல்லை, வெளியே, இந்தக் கருவிக்குச் சர்வர் எந்தத் தேதி வரை உத்தரவாதம் என்று அச்சிடுங்கள். அந்தத் தேதியைப் பார்த்துவிட்டு வாங்குவதா வேண்டாமா என்று நாங்கள் முடிவுசெய்துகொள்கிறோம். தள்ளுபடிக் கூப்பன் எனக்கு வேண்டாம், திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்ற நிறுவனங்கள் உங்கள் உங்கள் பொருளுக்கு ஏற்றபடி இதையே மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பதில், சர்வர் நிற்பதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பு, கருவி வாங்கிய எல்லோருக்கும் மின்னஞ்சலாக வர வேண்டும். எதைச் செய்வீர்கள், எதைச் செய்யமாட்டீர்கள், செய்யமாட்டீர்கள் என்றால் என்ன காரணம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். அணைத்துவிட்டு ஆன் செய்யச் சொல்லும் பதில் ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் முதல் தலைமுறைத் தொலைநோக்கியை வாங்கியவர்களில் ஒருவன்